சுண்ணாம்பு குறைந்த கலயம்

என் ஆயுளில் நான் கள் குடித்தது ஒரே ஒரு நாள்தான். அதுவும் கள்ளுக்கு எதிராகப் பேசப் போன நாள். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் நம்ப மறுக்கிறார்கள். நம்பாதவர்களிடம் எனக்கு ஒன்றும் சொல்வதற்கு இல்லை, அவர்கள் நல்லா இருக்கட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நடந்தது. நாகர்கோவிலுக்கும் முட்டத்துக்கும் நடுவில், செம்மண்ணும் பனையுமாகக் கிடக்கும் ஊர் எங்கள் ஊர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வாத்தியார். வயது இருபத்து நாலு. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். வீட்டில் நானும், என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காவும். அக்காவின் வாய்க்கு எங்கள் கோயில் உபதேசியாரே பயப்படுவார். அடுத்த வளவில் சித்தப்பா. குடும்பத்துப் பனைகள் இருபதுக்கும் அவர்தான் ஏறி இறங்குவார்.

எனக்கு அக்கானிப் பைத்தியம். பனையிலிருந்து இறக்கும் பதநீரைத்தான் எங்கள் பக்கத்தில் அக்கானி என்போம். கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் இறங்குவது அக்கானி. தடவாமல் கட்டினால் கள். பனை ஒன்றுதான், பாளையும் ஒன்றுதான். மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு என்று சபைப் போதகரான எங்கள் ஐயர் பிரசங்கத்தில் சொல்வார். நான் மோட்சத்துப் பக்கம் நின்று குடிக்கிறவன் என்பதால் எத்தனை குடித்தாலும் தப்பில்லை என்று நினைத்திருந்தேன். பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் காலையில் ஆறு, சாயங்காலம் நாலு. விருந்தாளி வந்தால் அவர்களுக்குத் துணையாக இன்னும் இரண்டு.

"எலே, இது வயிறா வெட்டுக்குளமா?" என்று சித்தப்பா கேட்பார். "ஒனக்கு ஊத்தினா மிச்சத்துல கருப்பட்டி காய்ச்ச முடியாது. அக்கானி இல்லேன்னா எனக்க வீட்டுக்காரி என்னைய வச்சுக் காய்ச்சுவா."

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சோதனை. ஓய்வுநாளில் பனையேறக் கூடாது என்பது எங்கள் சபைக் கட்டுப்பாடு. பனைக்கு ஞாயிறு திங்கள் தெரியுமா, அது பாட்டுக்கு ஊறும், நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஜெபிப்போம். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் இறக்குவதில் ஒரு கலயத்தை எனக்கென்று சித்தப்பா தனியாகத் தருவார். மறுநாள் காலைவரை கெடாமல் இருக்க அதில் மட்டும் சுண்ணாம்பு இரட்டிப்பாக இருக்கும். ஞாயிறு விடிந்ததும் கோயில் மணிக்கு முன்னால் கலயத்தைக் காலி செய்துவிட்டு, நாக்கு வெந்த நிலையில் ஆராதனைக்குப் போவேன். பாட்டுப் பாடும்போது மற்றவர்களுக்கு ஆவி, எனக்கு எரிச்சல்.

அப்படியிருக்கையில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் தோவாளைப் பக்கம். ஏழாம் கிளாஸ் படித்தவள், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். ஒரு வருஷம் முன்னால் அறுப்பின் பண்டிகைக்கு அந்தப் பக்கம் போனபோது அவளை நான் பார்த்திருந்தேன். காணிக்கைக்கு வந்த சேவல் ஒன்று கட்டவிழ்த்துக்கொண்டு பீடத்தின்மேல் ஏறி நின்று கூவியது. சபை முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு பக்தியாக இருந்தபோது அவள் ஒருத்திதான் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் நினைப்பு இல்லை. அவளைக் கட்டாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். "ஒனக்கு எதுன்னாலும் முழுசா வேணும், இல்லேன்னா ஒண்ணுமே வேண்டாம்" என்றாள் அக்கா.

தடங்கல் பெண்ணின் அப்பாதான். அந்தப் பக்கத்துச் சபைகளில் குடிக்கு எதிரான இச்சையடக்கச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவருடைய அப்பன் குடித்தே வயலை அழித்து, குடித்தே செத்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நெருப்பு இவருக்குள் இருந்தது. மாப்பிள்ளைப் பையன் அக்கானியைக் கலயக் கணக்கில் குடிக்கிறான் என்ற செய்தி வடசேரிச் சந்தை வழியாகத் தோவாளை போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் சொல்லி அனுப்பினார்: "பையனுக்கு வேலை இருக்கு, கொள்ளாம். ஆனா நாக்கும் வயிறும் அவனுக்க சொல்லு கேக்குதான்னு நான் பாக்கணும். வாற பங்குனி மாசம் அவனுக்க கோயில்ல சங்கத்துக் கூட்டம் வையுங்க. அவன் பேசட்டு. நான் மவளையும் கூட்டிட்டு வாறேன்."

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு வாரத்தில் நான் இச்சையை அடக்கிக் காட்ட வேண்டும். சாதாரண மனிதன் என்றால் பத்துப் பட்டையை ஐந்தாகக் குறைத்திருப்பான். நான் ஒரு தாளில் சட்டம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். விடியுமுன் எழுந்து குளத்தில் நூறு முங்கு. சோற்றை ஒவ்வொரு வாய்க்கும் நாற்பது தடவை மென்று விழுங்குவது. பள்ளியில் பிள்ளைகளை அடிக்காமல் இருப்பது. அக்கானியைப் பார்த்தவுடன் குடிக்காமல், ஆசை வந்ததும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டுக் குடிப்பது.

இரண்டாம் நாளே அக்கா பொறுமையிழந்தாள். "எளவே, எல்லாரும் தின்னுட்டுக் கையும் கழுவியாச்சு. நீ இன்னும் மூணாவது உருண்டையில நிக்குத. மாடுகூட இவ்வளவு நேரம் அசைபோடாது, கேட்டியா?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை, முப்பத்தொன்றாவது மெல்லலில் இருந்தேன். மூன்றாம் நாள் குளத்துத் தண்ணீர் வேலையைக் காட்டியது. மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டது. மல்லிகையா மத்திக் கருவாடா என்று தெரியாத அளவுக்கு ஜலதோஷம். முங்குவதை நிறுத்தினேனா? இல்லை. சட்டம் சட்டம்தான்.

சனிக்கிழமை காலையில், கலயம் கட்டுவதற்கு முன்னால், சித்தப்பாவிடம் போனேன். "சித்தப்பா, நாளைக்கு நான் பேசணும். நாக்கு வெந்துபோயிருந்தா பேச்சு வராது. நாளைக்கு உள்ள கலயத்துல சுண்ணாம்பக் கொறச்சுக்கிடுங்க."

"கொறச்சா நாளைக்கு விடியக் கருக்கல்லயே குடிச்சிரணும் மக்கா. வச்சுக்கிடப்பிடாது."

"நான் என்னைக்கு வச்சிருந்தேன்?" என்றேன். அதுவும் நியாயம்தான். விடிந்த பிறகு என் கலயம் எதுவும் அதுவரை அரை மணி நேரம் நிறைந்து நின்றதில்லை.

ஞாயிறு விடிந்தது. கலயம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து எனக்கு ஞானம் வந்தது பாருங்கள்! இன்றைக்கு இச்சையடக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறவன் இன்றைக்கே இச்சைக்கு அடிமையாகலாமா? ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். அது முடிந்ததும் இன்னொரு மணி நேரம். காலை ஆராதனைக்குக் குடிக்காமல் போனேன். வந்தேன், குடிக்கவில்லை. நானே என்னைக் கண்டு அசந்துபோனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் கலயம் அப்படியே இருந்தது. ஊருக்கு மேலே பங்குனி வெயில், ஓட்டுக்குக் கீழே கட்டில், கட்டிலுக்குக் கீழே கலயம், அதில் சுண்ணாம்பும் போதாது. உள்ளே என்ன நடக்கிறது என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. என் மனவுறுதி வளர்கிறது என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் மூன்று மணிக்கு. இரண்டரைக்குத் தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. பயம். தோவாளைக்காரர் வந்திறங்கிவிட்டார், கறுப்புக் குடையும் வெள்ளைக் கோட்டுமாகக் கோயில் முற்றத்தில் நிற்கிறார், மகளும் கூட இருக்கிறாள் என்று அக்கா வந்து சொல்லிவிட்டுப் போனாள். தொண்டை நனைய ஒரே ஒரு பட்டை என்று கலயத்தை இழுத்தேன். மேலே நுரை பூத்திருந்தது. மூக்கு அடைத்திருந்ததால் வாசனை ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் சுருக்கென்று ஏறியது. ஓகோ, சுண்ணாம்பு குறைந்தால் இவ்வளவு ருசியா, இத்தனை நாள் சித்தப்பா என்னை ஏமாற்றிவிட்டாரே என்று நினைத்தேன். கள் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால்தானே சந்தேகம் வரும்? அப்புறம், ஒரு நாள் முழுக்க அடக்கியாயிற்று, இனி எனக்கு உரிமை உண்டு என்றும் தோன்றியது. கலயத்தின் அடியில் வண்டல் தெரிந்தபோதுதான் வைத்தேன்.

கோயிலுக்கு நடந்து போகும்போதே எனக்கு இருந்த பயமெல்லாம் போய்விட்டது. இது தேவ கிருபை என்று நம்பினேன். ஐயர் ஜெபித்து என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்று சபையைப் பார்த்தேன். எல்லோரும் எவ்வளவு நல்லவர்கள்! கண் நிறைந்துவிட்டது.

முதல் கால் மணி நேரம் நான் பிரமாதமாகப் பேசினேன் என்று எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு பனைமரத்தைப் பற்றி ஆரம்பித்தேன். பனை நமக்கு ஓலை தருகிறது, கருப்பட்டி தருகிறது, அதற்கு நாம் என்ன தந்தோம் என்று கேட்டு அழுதேன். கடைசி வரிசையில் இருந்த சித்தப்பாவைக் கைகாட்டி, "அந்த மனுசனுக்க நெஞ்சுல பனை உரசின காய்ப்பப் பாருங்க! தினமும் பனை உச்சியில நின்னு முட்டம் கலங்கரை வெளக்கைப் பாக்கிறாரு, வெளக்கு அவரைப் பாக்குதா?" என்று கதறினேன். சித்தப்பா துண்டால் நெஞ்சை மூடிக்கொண்டார். மனதை அடக்கியவனை யாரும் அசைக்க முடியாது என்பதைக் காட்ட ஒற்றைக் காலில் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிறகு ஐயர் என்னைப் பிடித்தார்.

அத்தோடு நிறுத்தினேனா? முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தோவாளைக்காரரைப் பார்த்து, "மாமா! ஒங்களுக்கு ஒண்ணும் வெப்ராளம் வேண்டாம் மாமா! நான் இருக்கேன்!" என்றேன். பேசி முடிக்காத சம்பந்தத்தில் நடுக்கோயிலில் வைத்து மாமா என்றால் எப்படி இருக்கும்! நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கி, நேராக நடந்து, பெண்கள் பக்கத்துப் பாயில் போய் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் ஒதுங்கி இரும்மா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். பார்த்தால் அவள்தான்.

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "எழும்பி ஆம்பளைய பக்கம் போங்க," என்றாள் மெதுவாக, "அப்பா பாக்குதாவ." என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது. எழும்பத்தான் பார்த்தேன். கால் வரவில்லை.

அதற்குள் அவர் எழுந்து வந்துவிட்டார். குனிந்து என் முகத்துக்கு நேரே ஒரு தடவை மூச்சை இழுத்தார். முகம் சாம்பலாகப் போனது. குடையை எடுத்தார், மகளைக் கூப்பிட்டார், போய்விட்டார். வாசலில் வைத்துச் சித்தப்பா வேதபுத்தகத்தின்மேல் கைவைத்து, அது அக்கானிதான், சுண்ணாம்பு தடவினது நான்தான் என்று சாட்சி சொன்னாராம். "அப்படின்னா எத்தனை பட்டை குடிச்சான்?" என்று தோவாளைக்காரர் கேட்டாராம். அதை என்னிடம் வந்து கேட்டார்கள். "ஒண்ணே ஒண்ணு" என்றேன். ஐயரிடமும் ஒன்று என்றேன், அக்காவிடமும் ஒன்று என்றேன்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். நாண்டுகிட்டுச் சாகலாம் போல இருந்தது. அவள் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டதே என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் எழுந்து புதிய தாளில் புதிய சட்டம் எழுதினேன். அக்கானி கிடையாது. கருப்பட்டி கிடையாது, அதனால் காப்பியும் கிடையாது. மீன் கிடையாது, எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது. ஒரு நேரம் கஞ்சி. இரண்டே மாதத்தில் அவர் காதில் என் பெயர் பரிசுத்தவான் என்று விழ வேண்டும்.

அக்கா வடசேரிச் சந்தைக்குப் போய் எனக்குப் பிடித்த காய்கறியெல்லாம் வாங்கிவந்து, அவியல் வைத்து, என் முன்னால் உட்கார்ந்து தானே தின்றாள். நான் அசையவில்லை. சட்டை என்மேல் கொடியில் கிடப்பதுபோல் கிடந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயந்து வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொன்னார்கள். ஒரு நாள் கரும்பலகையில் ஏழாம் எண்ணை எழுதக் கையைத் தூக்கியவன் அப்படியே சரிந்து விழுந்தேன். உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். "சவம், ஜெபம் எதுக்கு? அதுக்க வாயில ரெண்டு மீனைப் போடுங்க!" என்று அக்கா கத்தினாள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை. எங்கள் ஊரில் ஒரு கலியாணத்துக்கு வந்திருந்த தோவாளைக்காரர், நான் விழுந்த செய்தியைக் கேட்டு எங்கள் பனைவிளைக்கே வந்துவிட்டார். சித்தப்பா அப்போதுதான் பனையிலிருந்து கலயங்களை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு பனையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தார்.

"அண்ணைக்குக் கள்ளுப்பானை, இண்ணைக்கு எலும்புக்கூடு," என்றார். "நடுவுல மனுசனாட்டு இருந்த நாளு உண்டுமா தம்பி?"

அக்கா வாயைத் திறந்தாள், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்க மவ ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. அண்ணைக்கு எத்தனை பட்டை?"

ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். சேவலைப் பார்த்துச் சிரித்தவள் கேட்கிற கேள்விக்கு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. "ஆறு வரைக்கும் எண்ணினேன் ஐயா. பெறவு எண்ணல. கலயம் காலி."

"ஒண்ணுன்னு எனக்கிட்ட சத்தியம் பண்ணினாயே, மூதி!" என்றாள் அக்கா. சித்தப்பா பனையோடு சேர்ந்து நின்றுகொண்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

தோவாளைக்காரர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எனக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். "இப்ப எறக்கினதுல ஒரு பட்டை ஊத்திக் குடும்மா இவனுக்கு" என்றார் அக்காவிடம். "குடி தம்பி. ஒண்ணு குடிச்சுட்டு வையி. வேண்டாம்னு ஓடவும் பிடாது, ரெண்டாவது கேக்கவும் பிடாது. எனக்கு அதப் பாக்கணும்."

இரண்டு மாதம் கழித்து என் நாக்கில் அக்கானி பட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். பட்டையின் கடைசிச் சொட்டு உள்ளே போனதும் கை தானாகக் கலயத்தின் பக்கம் நீண்டது. நிறைந்த கலயம், கையெட்டும் தூரம். ஒன்றுமே குடிக்காமல் இருப்பது எவ்வளவு சுலபம், முழுக்கக் குடிப்பது எவ்வளவு சுலபம்! ஒன்றோடு நிற்பதற்கு ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட வேண்டுமா? வயிறு கெஞ்சியது. நாக்கு திட்டியது. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கடிகாரத்தைப் பார்ப்பதுபோல.

வெகுநேரம் கழித்து, "எனக்கும் ஒண்ணு ஊத்தும்மா" என்றார்.

அக்கா தயங்கினாள். "நீங்க இதெல்லாம் குடிப்பியளா?"

"பத்து வயசுல நிறுத்தினேன். எனக்க அப்பனைக் குளத்தங்கரையில இருந்து தூக்கிட்டு வந்த அண்ணைக்கு. அக்கானிதான், தெரியும். ஆனா வாயில வச்சா நிறுத்த முடியாதோன்னு ஒரு பயம், பேடி. அவனுக்க ரத்தம்லா எனக்க ஒடம்புல ஓடுது. நாப்பது வருஷமா எல்லாருக்கும் பிரசங்கம் பண்ணிட்டு நடக்கேன். இந்தப் பேடியை ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல."

இரண்டு கையாலும் பட்டையை வாங்கினார். கொஞ்சம் கோட்டின்மேல் சிந்தியது. குடித்தார். பட்டையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவர்போல அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பனைமட்டை வெடித்தது.

"போதும்னு தோணுது," என்றார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எம்மா, எனக்குப் போதும்னு தோணுது!"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அதைத் துடைக்காமலே அக்காவிடம், கலியாண அறிவிப்பை மூன்று ஞாயிறு கோயிலில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமே, ஐயரை இன்றைக்கே போய்ப் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.